அக்கரையில் மாடு மேயும் கடல்

“எனக்கு நாலு நாள் லீவு வேணும், முதலாளி.”

ரங்கூனில் போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே இருந்த அந்தப் பருப்பு மண்டியில் இப்படி ஒரு வாக்கியத்தை இதற்குமுன் எவரும் சொன்னதில்லை. உளுந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த செல்லையா மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். கேட்டவள் அவருடைய மகள் அழகு. அவளை இங்கே ஆபீஸ் வேலைக்குச் சேர்த்துவிட்ட அன்றைக்கு அவர் சொன்ன ஒரே புத்திமதி, “என்ன வேணா கேளு தாயி, லீவு மட்டும் கேட்டுடாத” என்பதுதான். தன் கல்யாணத்தன்றே தாலி கட்டிவிட்டு மத்தியானம் மூட்டை தூக்க வந்தவர் அவர். அதைப் பெருமையாக வேறு ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

மண்டி முதலாளி சொக்கு, தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“என்ன வேணும்?”

“லீவு.”

“உடம்புக்கு என்ன?”

“நல்லா இருக்கேன்.”

“அப்ப வீட்டுல யாராச்சும்...” என்று இழுத்து, செல்லையா பக்கம் திரும்பிப் பார்த்தார். செல்லையா உயிரோடுதான் இருந்தார். பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

“எல்லாரும் நல்லா இருக்காங்க. அக்கா பிள்ளைங்க மூணையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும். அக்காவுக்கு கார்மெண்ட்ல ஓவர்டைம். அத்தான் பாங்காக்ல. பரீட்சை முடிஞ்சதும் கடலைக் காட்டுறேன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டேன். பரீட்சை முடிஞ்சிருச்சு.”

“உளுந்து சீசன்ல கடலா!”

“கடலுக்கு உளுந்து சீசன் தெரியாது, முதலாளி.”

செல்லையா கண்ணை மூடிக்கொண்டார்.

அழகு அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பட்டத்தால் பெரிய வேலை கிடைத்ததோ இல்லையோ, கோபம் கிடைத்திருந்தது. அதுவரை அவள் வீட்டில் யாருக்கும் கோபப்பட நேரம் இருந்ததில்லை. அப்பா, தாத்தா, அவருக்கும் முன்னால் கப்பலில் வந்து இறங்கியவர்கள் என்று அத்தனை பேருடைய பாக்கிக் கோபத்தையும் அவள் ஒருத்தியே பட்டுத் தீர்க்கவேண்டியிருந்தது.

“நீங்க மட்டும் வருஷா வருஷம் திஞ்ஜான் தண்ணித் திருவிழா லீவுக்கு ங்வேசவுங் கடற்கரைக்குப் போகலையா? அது உங்க சொந்தக் கடலா?”

இதற்குச் சொக்கு வாயைத் திறப்பதற்குள் மாடியிலிருந்து அவர் மனைவி மெய்யம்மை ஆச்சி இறங்கி வந்துவிட்டார். கடல் என்ற சொல் காதில் விழுந்தால் ஆச்சியால் மேலே இருக்க முடியாது. கடல் அவருடைய பாடம். ஒவ்வொரு திஞ்ஜான் முடிந்ததும், ஊருக்குப் போய் வந்தவர்கள் ஏதாவது வாங்கிவந்து கொடுக்கும் வழக்கப்படி மண்டி ஆட்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் காய்ந்த இறால் கொடுப்பார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு யாரும் நகர முடியாது. கூடவே கடலைப் பற்றிய சொற்பொழிவும் உண்டு. ‘அந்த நீலத்தை நீங்கள்ளாம் பார்க்கணுமே’ என்று ஆரம்பித்தால் மூட்டை ஏற்ற வந்த லாரி காலியாகவே திரும்பிப் போகும்.

ஆச்சியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்த ஆறு வயது மகள் மதுமிதா, “அக்கா கடலுக்குப் போறாங்களா? நானும் வரேன்” என்று குதித்தாள்.

“நீ சும்மா இரு,” என்றார் ஆச்சி. பிறகு கணவரிடம், “போகட்டும் விடுங்க. கடல்னா என்னன்னு இதுங்களுக்கும் தெரியட்டும். ஆனா ஒண்ணு அழகு. அங்க போனதும் எனக்கு வீடியோ கால் போடணும். கடலைக் காட்டணும்.”

“நீங்க பார்க்காத கடலா ஆச்சி?”

“காட்டணும். அலை வர்றது, உடையுறது, எல்லாம். சத்தத்தோட. லீவு வாங்கிட்டு வீட்டுல குப்புறப் படுத்துத் தூங்குறவங்களை எனக்குத் தெரியும்.”

“காட்டலைன்னா?”

“காட்டலைன்னா மண்டிப் பக்கம் திரும்பி வராத,” என்றார் சொக்கு. பாதிச் சிரிப்பாகத்தான் சொன்னார். மீதிப் பாதியில் சிரிப்பு இல்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் செல்லையா பத்தடி முன்னாலேயே நடந்தார். தெருமுனை வந்ததும், “அலையைக் காட்டிடு தாயி” என்று மட்டும் சொன்னார்.

கடலுக்குக் கிளம்பிய காலையில் மூன்று பிள்ளைகளும் அழகு எழுப்புவதற்கு முன்பே தயாராக இருந்தார்கள். மூத்தவன் சிவாவுக்கு எட்டு வயது. எதையும் கேள்வி கேட்காமல் நம்பமாட்டான். சித்தியைப் போலவே வருவான் என்று வீட்டில் எல்லாருக்கும் பயம். அடுத்தவள் பொன்னி, நீந்துவதற்கான ரப்பர் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் தூங்கியிருந்தாள். அதைக் கழற்றச் சொன்னால் ஊரே கூடும் அளவுக்கு அழுவாள் என்பதால் அதோடுதான் பஸ் ஏறினாள். வளையத்துக்குத் தனி சீட் தேவைப்பட்டது. கடைசி, மூன்று வயது நாணா. ஓடும் எந்த வண்டியில் ஏறினாலும் வாந்தி எடுப்பான். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலும் எடுப்பான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நகரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றது. முன்னால் நீளமாக வண்டி வரிசை. டிரைவர் இறங்கிப் போய்த் திரும்பி வந்தார்.

“பாலத்துல பட்டாளம். தாண்டி வண்டி விடலை. திரும்பணும்.”

“ஏன்?” என்றாள் அழகு.

டிரைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். இந்தக் காலத்தில் ரங்கூனில் ஏன் என்று கேட்கும் ஆளைப் பார்த்து அவருக்கு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

“நாளைக்கு விடுவாங்களா?”

“நாளைக்குன்னு நான் சொல்லலையே, நொமா,” என்று பர்மிய மொழியில் தங்கச்சி என்று அழைத்துப் பதில் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மத்தியானம் மறுபடியும் அதே பஸ் நிலையம். பொன்னி சுற்றிலும் பார்த்தாள். “வந்துட்டோமா? கடல் எங்க?”

வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் வீடு இருக்கும் தெரு மண்டிக்குப் பின்தெரு. அடுப்பில் உலை கொதிப்பதற்குள் சொக்குவுக்குத் தெரிந்துவிடும். கடலுக்குப் போகாதவளுக்கு எதற்கு லீவு, நாளைக்கே வா என்பார். அதற்கப்புறம் அந்த மண்டியில் எவராவது வாய் திறந்து லீவு கேட்டால், “அழகு போன கடலுக்கா?” என்று கேட்டே அனுப்பிவிடுவார். அதை நினைத்தபோது அழகுக்குப் பஸ் நிலையத்தின் வெயிலைவிட அதிகமாக எரிந்தது.

தண்ணீர் வேண்டும். நிறைய வேண்டும். மண்டி ஆட்கள் கண்ணில் படாத தண்ணீராக இருக்க வேண்டும்.

அம்மாவின் சிநேகிதி ஜெயம்மா, கியாக்தானில் படகுத்துறை ஓரமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். கடைக்கு மேலே ஓர் அறையும் உண்டு. அழகு மூன்று பிள்ளைகளையும் ஒரு வளையத்தையும், ஆட்களை அடைத்து ஏற்றிப்போகும் லைன் காரில் ஏற்றினாள். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய், அந்தப் பக்கத்துத் தன்லியின் ஊர்ப் பாலத்தைத் தாண்டி, கியாக்தானில் இறங்கும்போது நாணாவின் வயிற்றில் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அகலமான ஆறு. வெயிலில் பளபளத்த செம்மண் நிறத் தண்ணீர். அதன் நடுவே சின்னத் தீவு. தீவு முழுவதும், பயா என்று பர்மியர் சொல்லும் பொன் பூசிய புத்தர் கோயில்.

“பின்லே! பின்லே!” என்று பொன்னியும் நாணாவும் பர்மிய மொழியில் கடலைக் கூவி அழைத்துக்கொண்டு ஓடினார்கள். அழகு மறுக்கவில்லை. அதுதான் அவள் வாழ்க்கையில் பேசாமல் சொன்ன முதல் பொய்.

சிவா ஓடவில்லை.

“சித்தி, கடல்னா அக்கரை தெரியாதுன்னு டீச்சர் சொன்னாங்க.”

“சில கடல்ல தெரியும்.”

“அக்கரையில மாடு மேயுது, சித்தி.”

“அது... தீவுல மேயுற மாடு.”

“கடல் தண்ணி உப்பா இருக்குமே?” சிவா விரலை விட்டு நக்கிப் பார்த்தான். “கொஞ்சமாத்தான் கரிக்குது. நம்ம பாட்டி வைக்கிற ரசத்துலகூட இதைவிட அதிகமா உப்பு இருக்கும்.”

இதைக் கேட்டதும் பொன்னி திரும்பி நின்று உதட்டைப் பிதுக்கினாள். வளையம் நடுங்கியது. அழுகை வரப்போகிறது. அழகு ஜெயம்மாவின் சமையலறைக்கு ஓடி, ஒரு படி உப்பை அள்ளி ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தாள். “இந்தா, இது ஆழ்கடல் தண்ணி. இதுல உப்பு பாரு.”

பொன்னி சந்தோஷமாக அதைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கண் எரிந்து, அழப்போன அழுகையைவிடப் பெரிய அழுகை வந்தது. அவளை அழகு கழுவிக்கொண்டிருந்தபோது நாணா வாளியில் வாய் வைத்துக் குடித்தான். குடித்ததை அப்படியே கொண்டுபோய்க் கடையில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு படகோட்டியின் லோஞ்சிக் கைலியில் திருப்பிக் கொடுத்தான். படகோட்டி துள்ளி எழுந்ததில் மேஜை சாய்ந்து, குழம்பு சிவா மேல் கொட்டியது.

குழம்பு வழியும் முகத்தோடு சிவா சொன்னான்: “சித்தி, வாளியில இருக்குறது கடல். அங்க இருக்குறது ஆறு. கடலைவிட ஆறுதான் பெருசா இருக்கு.”

அழகு இடுப்பில் கை வைத்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அரை மணி நேரப் பொய்யே முதுகு ஒடிக்கும் பாரம்.

“ஆமாடா. ஆறுதான். பஸ் போகலை. கடல் கிடையாது. என்ன செய்யணுங்குற இப்ப?”

சிவா யோசித்தான். “ஒண்ணும் செய்ய வேணாம். அந்தச் சேத்துல இறங்கலாமா?”

அப்போது தண்ணீர் வற்றும் நேரம். கரையோரம் பளபளவென்று வழவழப்பான சேற்றுச் சரிவு ஒன்று வெளியே வந்திருந்தது. கடற்கரை மணல் இப்படிச் சறுக்குமா? சிவா முதலில் சறுக்கினான். பொன்னி வளையத்தோடு சறுக்கி, சுழன்று, பின்பக்கமாகத் தண்ணீரில் போய் விழுந்து எழுந்தாள். “இது கடல்தான்! நான் சொல்றேன், கடல்தான்!” நாணா முழங்கால்வரை புதைந்து, நட்டுவைத்த செடி மாதிரி நின்று சிரித்தான். அவனைப் பிடுங்க இறங்கிய அழகு வழுக்கி, சரிவு முழுவதையும் முதுகாலேயே கடந்து, மூன்று பிள்ளைகளுக்கும் நடுவில் போய் மல்லாந்து விழுந்தாள்.

வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தபோது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. இன்று வேலை நாள். இந்நேரம் மண்டியில் சொக்கு, “அழகு, மெட்ராஸுக்குப் போன் போடு” என்று கத்திக்கொண்டிருப்பார். அவள் இங்கே சேற்றில் கிடக்கிறாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சித்திக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பது பிள்ளைகளுக்கே புதுசு.

ஜெயம்மா கடை வாசலிலிருந்து கத்தினாள். “அமலே! புள்ளைங்களா இது, எருமைக் கன்னுங்களா? அழகு, நீயுமாடீ?”

“கடல்ல குளிச்சோம் பாட்டி!” என்றாள் பொன்னி.

“கடல்தான், கடல்தான்,” என்றாள் ஜெயம்மா, அலுத்துக்கொள்ளாமல். “இங்க வர்ற எல்லாப் பிள்ளைங்களுக்கும் இது கடல்தான். பின்பக்கமா வாங்க, தண்ணி ஊத்துறேன்.”

அன்று முழுவதும் ஆச்சியின் வீடியோ கால் வந்துகொண்டே இருந்தது. அழகு எடுக்கவில்லை. ‘டவர் இல்லை ஆச்சி’ என்று செய்தி அனுப்பினாள். டவர் இல்லாத இடத்திலிருந்து செய்தி மட்டும் எப்படி வருகிறது என்று ஆச்சி கேட்கவில்லை. ‘அலையைக் காட்டு’ என்று மட்டும் பதில் வந்தது.

மறுநாள் காலையில் கெளுத்தி மீன்களைக் கண்டுபிடித்தார்கள். படகில் ஏறித் தீவுக்குப் போனால், கோயில் படியடியில் ஆள் தொடை பருமனில் மீன்கள். பொரியைப் போட்டதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மீசையோடு வாயைப் பிளந்தன. பொன்னிக்கு அவை திமிங்கலங்கள். நாணா ஒரு பொரி மீனுக்கு, ஒரு பொரி தனக்கு என்று நியாயமாகப் பங்கிட்டான். பெரிய படகு எது கடந்து போனாலும் அதன் பின்னால் தண்ணீர் எழும்பிப் படியில் மோதியது. “அலை!” என்று மூவரும் கத்திக் குதித்தார்கள். படகோட்டி, அதுதான் லோஞ்சியை இழந்தவர், இதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே இரண்டு முறை சுற்றி வந்து அலை கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் நாணாவுக்கு அவசரம் வந்தது. போனைச் சிவாவிடம் கொடுத்துவிட்டு அழகு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது சிவா போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

“...இல்லைங்க ஆன்ட்டி, இதைவிடப் பெரிய திமிங்கலம்லாம் இருக்கு. இருங்க, திருப்பிக் காட்டுறேன்.”

அழகு பாய்ந்து பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் போன் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. செம்மண் தண்ணீர், கெளுத்தி மீன், பொன் கோபுரம், அக்கரை, மாடு, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அது ஆச்சிக்குக் காட்டிவிட்டுத்தான் அவள் முகத்துக்கு வந்து நின்றது.

திரையில் மெய்யம்மை ஆச்சியின் முகம் மாவு பூசினதுபோல் வெளுத்திருந்தது.

“ஆச்சி... இது வந்து... கடற்கரையில ஒரு கோயில்...”

அழகு அந்த வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தாள். கடைசியில் வந்தது இதுதான்:

“பிள்ளைங்களைப் பார்த்துக்க. படித்துறையில பாசி வழுக்கும்.”

கால் கட்டாகிவிட்டது.

“என்ன சித்தி சொன்னாங்க?” என்றான் சிவா.

“வேலை போச்சுன்னு சொன்னாங்க.”

“அப்படிச் சொல்லலையே. வழுக்கும்னுதானே சொன்னாங்க?”

“பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

அழகு படியில் உட்கார்ந்தாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. முதலாளி ஒருவர் துரத்தும்வரை காத்திருப்பது என்ன பிழைப்பு என்ற பழைய எரிச்சல்தான் வந்தது. க்யிம்யிண்டைங்கில் பருப்பு ஏற்றுமதி செய்யும் இனாயத்துல்லா பாய், அவள் ஆங்கிலம் பேசுவதைப் போனில் கேட்டுவிட்டு, “எப்ப வேணா நம்ம கம்பெனிக்கு வாங்கம்மா” என்று பலமுறை சொல்லியிருந்தார். அப்பா மூட்டை தூக்கும் இடத்தை விட்டுப்போவது நன்றிகெட்டதனம் என்று வீட்டில் அதைப் பேசவே விட்டதில்லை. அவள் அங்கேயே, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி அவரை அழைத்தாள்.

“பாய், வேலைக்கு வரேன். ஆனா முதல்ல ஒரு கேள்வி. அங்க லீவு உண்டா?”

“இதென்னம்மா கேள்வி? வருஷத்துக்கு இத்தனைன்னு உண்டு. கேக்காமலே கிடைக்கும்.”

“கேட்டா?”

“கேட்டா இன்னும் ரெண்டு நாள் சேத்துத் தருவேன். ஆமா, அங்கென்ன சத்தம்?”

“அலை, பாய்,” என்றாள் அழகு.

மிச்ச நாட்களில் அவள் போனைத் தொடவே இல்லை. பொன்னி வளையமில்லாமல் மிதக்கக் கற்றுக்கொண்டாள். நாணா லைன் காரில் திரும்பி வரும்போது வாந்தி எடுக்காமல் தூங்கினான். சிவா, கடலைப் பற்றி டீச்சர் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் டீச்சர் சேற்றைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று முடிவுக்கு வந்திருந்தான்.

வேலைக்குத் திரும்ப வேண்டிய காலையில் அழகு மண்டிக்குள் நுழைந்தபோது எல்லாரும் கூடி நின்றார்கள். சொக்கு நாற்காலியில். சுமை தூக்குகிறவர்கள் மூட்டைகளின்மேல். செல்லையா ஒரு தூணுக்குப் பின்னால், முடிந்தவரை தூணாகவே. மதுமிதா எடைமேடையில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். ஆச்சி படிக்கட்டில் நின்றார்.

அழகு வாயைத் திறந்தாள். ஆச்சி முந்திக்கொண்டார்.

“நான் பார்த்துட்டேன்! வீடியோவுல எல்லாம் பார்த்துட்டேன். கடல்தான். ங்வேசவுங்தான். எனக்குத் தெரியாதா? அதே நீலத் தண்ணி. எவ்வளவு பெரிய அலை!”

அழகு திகைத்தாள். நீலமா? எந்த நீலம்? ஆச்சியின் கண்கள் அவளைப் பார்த்து எதற்கோ கெஞ்சின. அழகுக்கு அது கெஞ்சலாகத் தெரியவில்லை. ‘பாவம், பிழைச்சுப் போ’ என்று பொய்யைப் பிச்சையாகப் போடுகிறார் என்று தோன்றியது. காது மடல் சூடேறியது.

சொக்கு தொண்டையைக் கனைத்தார். “கேட்டீங்களாப்பா? நம்ம மண்டியில வேலை செய்யுற பொண்ணை நான் கடலுக்கே அனுப்பி வச்சிருக்கேன். ரங்கூன்ல எந்த முதலாளி செய்வான்? இந்த வருஷத்து லீவு இத்தோட முடிஞ்சது. இனி எவனும் கேக்கக்கூடாது. அழகு, நீ போன நாலு நாளுக்குப் பதிலா நாலு ஞாயித்துக்கிழமை வந்துடு.”

“நான் ங்வேசவுங் போகலை, முதலாளி.”

மூட்டைகளின்மேல் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அழகு, பேசாம இரு,” என்றார் ஆச்சி, அவசரமாக ஒரு படி இறங்கி.

“எதுக்கு ஆச்சி பேசாம இருக்கணும்? நீங்க எனக்காகப் பொய் சொல்ல வேணாம். எனக்கு யாரும் பாவம் பார்க்க வேணாம். பாலத்துல பஸ்ஸைத் திருப்பிட்டாங்க. நாங்க கியாக்தான் போனோம். தண்ணிக்கு நடுவுல இருக்குற பயாவைப் பார்த்தோம். கெளுத்தி மீனுக்குப் பொரி போட்டோம். சேத்துல சறுக்கினோம். நீலமும் இல்லை, அலையும் இல்லை. ஆனா என் அக்கா பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பு எந்தக் கடல்லயும் கிடைக்காது. லீவுன்னா அதுதான். எங்க போனோங்குறது இல்லை. போனோங்குறதுதான்.”

சொக்கு எழுந்தார். முகம் மிளகாய்ப் பழம் மாதிரி ஆகியிருந்தது. ஆனால் ஏனோ அவர் அவளைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார்.

“பொய் சொல்லி லீவு வாங்கி, ஆத்துல போய்... கியாக்தானுக்கு எவனாச்சும் லீவு எடுத்துட்டுப் போவானா? மானம் இருக்குறவன் போவானா? வேலையை விட்டே...”

“தூக்க வேணாம். நானே போறேன். நாளைலேர்ந்து இனாயத்துல்லா பாய் கம்பெனி. அன்னைக்கே பேசி முடிச்சிட்டேன். இன்னைக்கு வந்தது அப்பாகிட்டயும் மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போக.”

அவள் மேஜையில் இருந்த தன் குடையையும் சோற்று டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். அவள் எடுக்க அங்கே வேறொன்றும் இல்லை. தூணுக்குப் பின்னாலிருந்து செல்லையா வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று அழகு நின்றாள். அவர் தோள் துண்டை உதறி, மறுபடி போட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“முதலாளி, பேரப்பிள்ளைங்க என்னையும் அங்க கூப்பிடுதுங்க. எனக்கும் ரெண்டு நாள் லீவு வேணும்.”

“எனக்கும்,” என்றது மூட்டைகளின்மேலிருந்து ஒரு குரல்.

“எனக்கும் ஊ சொக்கு,” என்றது பர்மிய மரியாதையோடு இன்னொன்று.

அழகு சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள். வாசற்படியைத் தாண்டினாள். வெளியே ஸ்ட்ராண்ட் ரோட்டில் வெயில் கொளுத்தியது. க்யிம்யிண்டைங் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்க்கவும் இல்லை. அவளுக்குப் பின்னால், எடைமேடை பக்கத்திலிருந்து, மதுமிதாவின் குரல் மண்டி முழுவதும் கணீரென்று கேட்டது:

“அக்கா ஏம்மா போகலைன்னு சொல்றாங்க? தண்ணிக்கு நடுவுல பயா, பொரி திங்குற மீனு... நாம வருஷா வருஷம் போற ங்வேசவுங் அதுதானேம்மா?”